இன்று என்ன நாள்?

முன்பெல்லாம் ஒருவர் "இன்று என்ன நாள்?" என்று கேட்டால், அவர் மனத்தில் இருப்பது ஏகாதசியா, அமாவாசையா, சம்பள நாளா என்று முகத்தைப் பார்த்தே தெரிந்து கொண்டு பதில் சொல்லிவிடலாம். இக்காலத்தில் அது அவ்வளவு சுலபமில்லை. அந்தக் கேள்விக்குள்ளே ஒரு சக்கரவர்த்தியின் பட்டாபிஷேகமோ, ஒரு கப்பல் மூழ்கிய செய்தியோ, எங்கேயோ ஒரு விஞ்ஞானி பிறந்த விவரமோ ஒளிந்து கொண்டிருக்கிறது. பத்திரிகையின் ஓரத்தில் "வரலாற்றில் இன்று" என்று ஒரு சிறு கட்டம். வானொலியைத் திருப்பினால் அதே தலைப்பில் இரண்டு நிமிஷம். கைபேசியைத் தொட்டால் அதிலும் ஒரு கேள்வி நமக்காகக் காத்திருக்கிறது. பள்ளிக்கூடங்களிலோ, காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மாணவன் முன்னால் வந்து நின்று, இன்றைய தினத்தில் நடந்த சம்பவம் எது என்று மற்ற மாணவர்களை மிரட்டுகிறான். சரித்திரம் என்னும் பெருங்கடல் தினம் ஒரு பாலாடை அளவாக நமக்குப் புகட்டப்பட்டு வருகிறது.

இதைப் பழிப்பதற்காக நான் சொல்லவில்லை. பாலாடையால் புகட்டினாலும் குழந்தையின் வயிற்றுக்குள் பால் போனால் சரிதான். எங்கள் வீட்டிலேயே மூன்று வருஷமாக இந்த வழக்கம் நடந்து வருகிறது. இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேட்கப்படும். கேள்வி இலாகாவின் மந்திரி, பதினொரு வயதான என் பேரன். அவனிடம் கெட்டி அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. தேதிக்கு ஒரு பக்கம் வீதம் அதில் 366 பக்கங்கள். "பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களுக்கு மட்டும் துரோகம் செய்யலாமா, தாத்தா?" என்று கேட்டு அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்துக் கொண்டான். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவனுடைய தகப்பனார், தாயார், கல்லூரியில் படிக்கும் அவன் அக்காள், நான், எண்பது வயதைக் கடந்த என் தமக்கையார் ஆகிய ஐவர். சரியான பதில் சொன்னவருக்கு முழு அப்பளம். மற்றவர்களுக்கும் அப்பளம் உண்டு. ஆனால் அது நொறுங்கிய அப்பளமாயிருக்கும்.

இந்த மூன்று வருஷத்து அப்பள சரித்திரத்தில் நான் கவனித்து வந்ததைச் சொல்லலாமென்று உத்தேசம். தேதி என்பது பார்ப்பதற்கு ஆணி அடித்தாற்போல் உறுதியாகத் தெரிகிறது. கொஞ்சம் அசைத்துப் பார்த்தால்தான், அந்த ஆணியை யார் அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்ற கேள்விகள் பிறக்கின்றன. ருசி இருப்பதும் அந்தக் கேள்விகளிலேதான்.

* * *

ஓர் ஏப்ரல் மாதம் 23-ந் தேதி இரவு மந்திரியார் கேட்ட கேள்வி: "ஒரே நாளில் இறந்த இரண்டு மகா எழுத்தாளர்கள் யார்?"

"ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும். வருஷம் 1616" என்றாள் பேத்தி. முழு அப்பளம் அவளுடைய இலைக்குப் போயிற்று. அதைத் தின்று முடித்த பிறகு அவள் சாவதானமாக, "ஆனால் அவர்கள் இறந்தது ஒரே தேதியில்தான், ஒரே நாளில் இல்லை" என்றாள்.

"அப்பளத்தைத் தின்றுவிட்டு இது என்ன பேச்சு, அக்கா?" என்று பையன் சண்டைக்குப் போனான்.

பேச்சு நியாயமான பேச்சுத்தான். ஸ்பெயின் தேசத்தார் 1582-ம் வருஷத்திலேயே போப் கிரெகோரி செய்த பஞ்சாங்கத் திருத்தத்தை ஒப்புக் கொண்டுவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் போப்பின் பேச்சைக் கேட்பதா என்று பழைய கணக்கையே பிடித்துக் கொண்டிருந்தார்கள். ஆகவே இரண்டு தேசங்களுக்கும் பத்து நாள் வித்தியாசம். இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் கண்ணை மூடிய ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே மாதம் 3-ந் தேதி. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22-ந் தேதி, அடக்கம் செய்ததுதான் 23-ந் தேதி என்று ஆராய்ச்சியாளர்கள் வேறு சொல்கிறார்கள்.

இங்கிலாந்து பிடிவாதத்தை விட்டது 1752-ம் வருஷத்தில். அதற்குள் வித்தியாசம் பதினொரு நாளாக வளர்ந்திருந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி புதன்கிழமை இரவு படுத்தவர்கள், மறுநாள் வியாழக்கிழமை எழுந்தபோது தேதி 14. இடையிலுள்ள பதினொரு தேதிகளில் இங்கிலாந்தில் ஒருவரும் பிறக்கவில்லை; ஒருவரும் சாகவில்லை; ஒரு திருட்டுக்கூட நடக்கவில்லை! "1752 செப்டம்பர் 5-ந் தேதி இங்கிலாந்தில் என்ன நடந்தது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதே பூரணமான பதில்.

கலீலியோ மறைந்த 1642-ம் வருஷத்திலேயே நியூட்டன் பிறந்தார் என்று உபாத்தியாயர்கள் உருக்கத்துடன் சொல்வது உண்டு. ஒரு விளக்கு அணைந்த வருஷத்திலேயே இன்னொரு விளக்கு ஏற்றப்பட்டதாம். இத்தாலியில் கலீலியோ காலமானது புதிய கணக்குப்படி 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்த தேதி இங்கிலாந்தின் பழைய கணக்குப்படி அதே வருஷம் டிசம்பர் 25. இத்தாலியின் கணக்கில் அது 1643 ஜனவரி 4! ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் விளக்கு ஏற்ற நான்கு நாள் தாமதமாகிவிட்டது. ரஷ்யாவில் 1917-ல் நடந்த "அக்டோபர் புரட்சி"யின் ஆண்டு விழாவை நவம்பர் 7-ந் தேதி கொண்டாடி வந்ததும் இதே காரணத்தினால்தான். புரட்சி நடந்தபோது அங்கே பழைய கணக்குப்படி அக்டோபர் 25.

* * *

"வெள்ளைக்காரர்களுடைய கணக்குத் தகராறு நமக்கு என்ன?" என்று சிரித்துவிட்டுப் போவதற்கில்லை. நம்மிடமும் இரண்டு கணக்குகள் உண்டு. கடிகாரத்துக்கு நாள் பிறப்பது நள்ளிரவில். நம் பெரியவர்களுக்குப் பொழுது விடிந்தால்தான் மறுநாள்.

மகாகவி பாரதியார் திருவல்லிக்கேணியில் காலமானது 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம். 11-ந் தேதி இரவு கழிந்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குமேல் அவருடைய உயிர் பிரிந்தது. ஆகையால் அவர் மறைந்த நாள் 11 என்று சொல்வாரும் உண்டு. 12 என்று சொல்வாரும் உண்டு. இரு சாராரும் சொல்வது ஒரே இரவைத்தான். வினா விடைப் போட்டியில் இதைக் கேட்டால் ஒருவர் தோற்க வேண்டியதாகிவிடும். முப்பத்தொன்பது வயதுகூட நிரம்பாத ஒரு மனிதர் அன்றிரவு போய்விட்டார் என்பதில் மட்டும் இரண்டு அபிப்பிராயம் இல்லை.

நமது தேசத்தின் விடுதலையும் இந்த இரண்டு கணக்குகளின் எல்லைக் கோட்டில்தான் பிறந்தது. 1948 ஜூன் மாதத்துக்குள் அதிகாரத்தை ஒப்படைத்து விடுவதாகவே பிரிட்டிஷ் சர்க்கார் முதலில் அறிவித்திருந்தார்கள். அதை 1947 ஆகஸ்டு 15-க்கு இழுத்து வந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த இரண்டாவது ஆண்டு நிறைவு என்பதால் அந்தத் தேதி தமக்குத் தோன்றியது என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நம்முடைய ஜோசியர்கள் பஞ்சாங்கத்தைப் பிரித்து, நாள் சரியில்லை என்று தலையை ஆட்டினார்களாம். அரசியல் நிர்ணய சபை 14-ந் தேதி இரவு பதினொரு மணிக்குக் கூடியது. பன்னிரண்டு அடித்ததும் அங்கத்தினர்கள் எழுந்து நின்று பிரதிக்ஞை செய்து கொண்டார்கள். கடிகாரத்துக்கு 15 பிறந்துவிட்டது. பஞ்சாங்கத்துக்கு 14 இன்னும் தீரவில்லை. மவுண்ட்பேட்டனுக்கும் திருப்தி, ஜோசியர்களுக்கும் திருப்தி!

ஆனால் அதே ஆகஸ்டு 15-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1942-ல் அதே தேதியில்தான், மகாத்மாவின் வலது கையாக இருந்த மகாதேவ தேசாய், பூனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில் திடீரென்று உயிர் நீத்தார். கைதாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஐந்து வருஷம் கழித்துத் தேசமெங்கும் கொடியேறிய அன்று, காந்திஜி டில்லியில் இல்லை. கல்கத்தாவில், கலகத்தால் பீதியடைந்த ஒரு பேட்டையில், உபவாசமிருந்து பிரார்த்தனை செய்து ராட்டினம் சுற்றிக் கொண்டிருந்தார். ஆகஸ்டு 15-ந் தேதிக்கு என் பேரன் நோட்டில் முதலில் ஒரே வரி இருந்தது. இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன.

இந்த நள்ளிரவு விவகாரத்தில் கடைசித் தீர்ப்புச் சொன்னவர் என் தமக்கையார். அவர் சாதாரணமாகக் கேள்வி பதிலில் சேர்வதில்லை. தமக்குக் கிடைத்த நொறுங்கிய அப்பளத்தை மோர் சாதத்துடன் சேர்த்துப் பிசைந்து கொண்டு பேசாமலிருப்பார். ஒரு டிசம்பர் மாதத்து இரவு, "தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22-ந் தேதியா, 23-ந் தேதியா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி போட்டிருக்கிறது" என்று பையன் கேட்டான். இலையைப் பார்த்துக் கொண்டிருந்த தமக்கையார் தலை நிமிர்ந்தார்.

"அது ஒரே ராத்திரியடா, குழந்தே. அதற்கு இரண்டு தேதி கிடையாது."

கல்யாணமான புதிதில் அவர் ராமேசுவரத்தில் குடியிருந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த இரவைப்பற்றி அவர் அதுவரையில் வாய் திறந்ததில்லை. சாயங்காலத்திலிருந்தே காற்றின் சத்தம் மாறிவிட்டதையும், வீடு தாங்காது என்று எல்லோரும் கோயிலுக்கு ஓடியதையும், பிராகாரத்துத் தூணைக் கட்டிக் கொண்டு ஈரப்புடவையோடு விடியும் வரை நின்றதையும் அன்று சொன்னார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரெயிலை அலை கொண்டு போய்விட்டது என்று பொழுது விடிந்த பிறகு யாரோ வந்து சொன்னார்களாம். அதில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். "அந்த ரெயிலில் வருகிறவர்களுக்காக உலை வைத்துக் காத்திருந்த வீடெல்லாம் உண்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

அன்று யாருக்கும் முழு அப்பளம் கொடுக்கப்படவில்லை. பையன் கேட்கவும் இல்லை.

* * *

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டு வந்தேன். "என்ன நடந்தது?" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் அந்த நாளில்?" என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்கிறவருக்கே முழு அப்பளம். இந்தத் திருத்தம் எல்லாத் தேதிகளுக்கும் பொருந்தாது. புயலை ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. ஆனால் நமது தேசீயப் போராட்டத்தின் தேதிகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்; ஒவ்வொன்றும் வாயைத் திறந்து பேசும்.

1919-ம் வருஷம் மார்ச்சு மாதம், ரௌலட் சட்டத்தை எப்படி எதிர்ப்பது என்று யோசித்துக் கொண்டு காந்திஜி சென்னைப் பட்டணத்தில் தங்கியிருந்தார். ஒரு நாள் அதிகாலையில், தூக்கமும் விழிப்புமாக இருந்த நிலையில், தேசம் முழுவதும் ஒரே நாளில் வேலையை நிறுத்தி உபவாசமும் பிரார்த்தனையும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. காலையில் அதை ராஜாஜியிடம் சொன்னார். முதலில் மார்ச்சு 30 என்று குறித்து, பிறகு ஏப்ரல் 6 என்று மாற்றினார்கள். அந்த ஏப்ரல் 6-ந் தேதி தேசம் முழுவதும் கடைகள் அடைபட்டன. ஏழு நாள் கழித்து, 13-ந் தேதி, அமிருதசரஸில் ஜாலியன்வாலா பாக்கில் டயர் சுட்டான். பத்து நிமிஷம், 1650 குண்டுகள். சர்க்கார் விசாரணைக் கமிட்டி ஒப்புக் கொண்ட கணக்குப்படி இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் விசாரணையின் மதிப்பு ஆயிரத்துக்கும் அதிகம்.

அதன் பிறகு ஏப்ரல் 6 முதல் 13 வரையிலுள்ள நாட்களைத் தேசீய வாரம் என்று காங்கிரஸ்காரர்கள் வருஷந்தோறும் அனுஷ்டித்து வந்தார்கள். 1930-ல் காந்திஜி சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களுடன் புறப்பட்டு, ஏப்ரல் 5-ந் தேதியே தண்டிக் கடற்கரையை அடைந்துவிட்டார். அன்றே உப்பை எடுத்திருக்கலாம். கடல் அங்கேதான் இருந்தது, உப்பும் இருந்தது. அவர் ஓர் இரவு காத்திருந்து, மறுநாள் காலையில் குனிந்து உப்பை எடுத்தார். மறுநாள்தான் ஏப்ரல் 6!

அதே மாதம் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் ராஜாஜி வேதாரண்யத்துக்குப் புறப்பட்ட நாள் எது? ஏப்ரல் 13. ஜாலியன்வாலா பாக் நினைவு நாள். தமிழர்களுக்கு வருஷப் பிறப்பு. பஞ்சாபியருடைய வைசாகியும் நம்முடைய சித்திரைப் பிறப்பும், சூரியன் மேஷ ராசியில் புகும் அதே சமயத்தில் வருபவை. வைசாகித் திருநாளுக்காக அமிருதசரஸுக்கு வந்திருந்த கிராமத்து ஜனங்கள் பலர் அந்த மைதானத்தில் சுடப்பட்டார்கள். பதினொரு வருஷம் கழித்து, அதே திருநாளில், காவேரிக் கரையில் ஒரு படை கால்நடையாகக் கிளம்பிற்று. நூற்றைம்பது மைல் வழிநெடுக, தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு விட்டு, ஒன்றும் அறியாதவர்கள்போல் போய்விட்டார்கள். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை!

ஜனவரி 26-ம் இந்த வகையைச் சேர்ந்ததே. 1929 கடைசியில் லாகூர் காங்கிரஸில் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறி, 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமையன்று, ஊர் ஊராக ஜனங்கள் கூடிச் சுதந்திரப் பிரதிக்ஞை எடுத்துக் கொண்டார்கள். பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளே சுதந்திர தினம். உண்மையான சுதந்திரம் வந்ததோ மவுண்ட்பேட்டன் சொன்ன தேதியில்! ஜனவரி 26 அநாதையாகப் போயிருக்க வேண்டியது. 1949 நவம்பர் 26-ந் தேதியே அரசியல் சட்டம் சபையில் நிறைவேறிவிட்டது. ஆனாலும் அதைப் பூரணமாக அமலுக்குக் கொண்டு வர இரண்டு மாதம் பொறுத்திருந்து, 1950 ஜனவரி 26-ல் குடியரசை நிறுவினார்கள். அந்நிய பிரபு கொடுத்த தேதியை ஒரு பக்கம் வைத்துக் கொண்டு, தாங்கள் தடியடி பட்டுச் சம்பாதித்த தேதியையும் கைவிடாமல் காப்பாற்றினார்கள்.

தேதியின் சக்தியை எதிர்க் கட்சிக்காரர்களும் அறிந்திருந்தார்கள். பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகிய மூவரையும் தூக்கிலிடக் குறித்திருந்த நாள் 1931 மார்ச்சு 24. லாகூர்ச் சிறையில் அவர்களை முதல் நாள் மாலையிலேயே அவசரமாகத் தூக்கிலிட்டு, இரவோடு இரவாகச் சட்லெஜ் நதிக்கரையில் தகனம் செய்துவிட்டார்கள். ஜனங்கள் 24-ந் தேதிக்காகக் காத்திருந்தார்கள். அந்தத் தேதியைச் சர்க்கார் திருடிக் கொண்டார்கள். திருடியும் என்ன பயன்? மார்ச்சு 23 நிலைத்துவிட்டது.

* * *

இவ்வளவும் உற்சாகமாகச் சொல்லக்கூடிய சரித்திரம். பையன் கண்கள் பளபளக்கக் கேட்டுக் கொண்டிருந்தான். உற்சாகமாகச் சொல்ல முடியாத ஒரு தேதியும் எங்கள் வீட்டுக்கு வந்தது.

டிசம்பர் 25-ந் தேதிக்கு அவன் நோட்டுப் பக்கம் நிரம்பி வழிந்தது. கிறிஸ்துமஸ் பண்டிகை. நியூட்டன் பிறந்த நாள் ("இங்கிலாந்துக் கணக்கு" என்று பக்கத்தில் ஜாக்கிரதையாகக் குறிப்பு). பண்டித மாளவியா பிறந்தது, 1861. வாஜ்பாய் பிறந்தது, 1924. ராஜாஜி காலமானது, 1972. "இந்தப் பக்கத்தில் இனி இடமில்லை" என்று பெருமையோடு அறிவித்தான்.

"ஒன்று விட்டுப் போயிருக்கிறது" என்றாள் பேத்தி. "1968. கீழ்வெண்மணி."

என் மருமகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "பண்டிகை நாளும் அதுவுமாக, சாப்பிடுகிற வேளையில், சின்னப் பையனிடம் சொல்ல வேண்டிய விஷயமா அது?" என்றாள்.

அவள் கேட்டது தாயின் கேள்வி. அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. பதினொரு வயதுப் பையனுக்கு எவ்வளவு சொல்லலாம்? ஆயினும் நான் ஒன்றை நினைத்துக் கொண்டேன். இதே கூடத்தில், இதே வயதுப் பையனிடம், ஜாலியன்வாலா பாக்கின் 379 பேரை நான் எண்ணிச் சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. அந்தத் தேதியில் சுட்டவன் அந்நியன். அதனால் நமக்குத் துக்கம் உண்டு, கோபம் உண்டு, வெட்கம் இல்லை. கீழ்வெண்மணியில் நடந்ததற்கு அந்நியர் யாரும் ஜவாப்தாரி இல்லை. தேசம் விடுதலையடைந்து இருபத்தொரு வருஷம் ஆகியிருந்தது. சாப்பாட்டு வேளைக்கு எந்தச் சரித்திரம் ஒத்துக் கொள்ளும், எது ஒத்துக் கொள்ளாது என்று நாம் பிரித்து வைத்திருப்பதற்குக் குழந்தையின் வயது மட்டுமா காரணம்?

மருமகளைப் பார்த்தேன். அவள், "சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள், மாமா" என்றாள்.

சொன்னேன். உழுகிற ஏழை ஜனங்கள் கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டார்கள் என்பதையும், மிராசுதார்களுக்கும் அவர்களுக்கும் அதனால் விரோதம் முற்றியது என்பதையும் சொன்னேன். அந்த டிசம்பர் 25-ந் தேதி இரவு சேரி தாக்கப்பட்டபோது, ஓட முடியாத பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் ஒரு சின்னக் குடிசைக்குள் புகுந்து கொண்டார்கள். குடிசைக்கு நெருப்பு வைக்கப்பட்டது. மாண்டவர்கள் 44 பேர்.

"தண்டனை கொடுத்தார்களா, தாத்தா?" என்று பையன் கேட்டான்.

கீழ்க் கோர்ட்டு 1970-ல் தண்டனை கொடுத்தது. மிராசுதார்களை 1973-ல் ஹைகோர்ட்டு விடுதலை செய்துவிட்டது. அதையும் சொன்னேன்.

அவன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை எடுத்து, இடமில்லை என்று சொன்ன அதே பக்கத்தில், மாளவியாவுக்கும் ராஜாஜிக்கும் இடையே நெருக்கி எழுதினான். மருமகள் கையைத் துடைத்துக் கொண்டு வந்து, அந்த நோட்டை வாங்கிப் படித்தாள். "நாகப்பட்டினம் மாவட்டம்" என்று எழுதியிருந்ததைக் காட்டி, "அப்போது தஞ்சாவூர் ஜில்லாவடா" என்று திருத்தினாள். அவன், "அப்படியானால் ராஜாஜி நடந்து போனாரே, அந்த ஜில்லாவா?" என்றான்.

அந்த ஜில்லாதான். 1930-ல் சோற்றுப் பொட்டலங்கள் மரத்தில் தொங்கிய அதே காவேரிப் பிரதேசத்தில்தான், முப்பத்தெட்டு வருஷம் கழித்து, கொஞ்சம் நெல் கூடக் கேட்டவர்களுக்கு அந்தக் கதி நேர்ந்தது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நோட்டுப் புத்தகம்தான் அவனைக் கேட்க வைத்தது. ஒன்றை மட்டும் எழுதி மற்றதை விட்டிருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

* * *

தினம் ஒரு கேள்வி கேட்பதை விளையாட்டு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. விளையாட்டுத்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பல்லாங்குழியும் விளையாட்டுத்தான், ஆனால் அதில் குழந்தை எண்ணக் கற்றுக் கொள்கிறது. கேள்வியை அச்சிட்டு அனுப்புகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்பார்கள். செப்டம்பர் 11 என்றால் முதலில் 2001-ல் நியூயார்க்கில் இடிந்த கோபுரங்கள் வரும். அதே தேதியில் 1893-ல் சுவாமி விவேகானந்தர் சிகாகோவில் பேசினார். 1906-ல் ஜோஹானஸ்பர்க் நகரத்து நாடகக் கொட்டகை ஒன்றில் இந்தியர்கள் கூடி, அநியாயச் சட்டத்துக்கு அடங்குவதில்லை என்று சபதம் செய்தார்கள். சத்தியாக்கிரகம் பிறந்தது அங்கேதான். இவற்றைச் சேர்ப்பது வீட்டிலுள்ளவர்களின் பொறுப்பு. கோபுரங்களைச் சொல்லாமல் விடுவதும் தர்மமல்ல.

நேயர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை மிகச் சிறியது. செலவு, ஒரு நோட்டுப் புத்தகமும் ஓர் அப்பளமும். கேள்வியைக் குழந்தைகள் கேட்கட்டும். "ஏன்?" என்ற இரண்டாவது கேள்வியைப் பெரியவர்கள் மறக்காமல் கேட்கட்டும். வீட்டில் மிகவும் வயதானவர் யாரோ, அவருக்கென்று சில பக்கங்களைக் காலியாக விட்டு வையுங்கள். அவர்களுக்குத் தேதி தெரிந்திராது. "புயலடித்த வருஷம்", "உன் அப்பன் பிறந்ததற்கு முந்திய தை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கணக்குப் பார்த்துத் தேதியைக் கண்டு பிடிப்பது பேரப் பிள்ளைகளின் வேலை.

எங்கள் வீட்டு நோட்டில் டிசம்பர் 22-ந் தேதிக்கும் 23-ந் தேதிக்கும் உரிய பக்கங்கள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. என் தமக்கையார் சொன்னதைப் பையன் அந்த இரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே, நடுத் தையலைத் தாண்டி, ஒரே வரியாக எழுதி வைத்திருக்கிறான்.